ஸ்கூலா, கிரவுண்டா, அத்தையோட முட்டியா: பாப்பாவ ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட் சேத்த கத

2025 ஏப்ரல், மே ரெண்டு மாசமும் எங்க வூட்ல ஒரே பேச்சுதான், பாப்பாவ எந்த ஸ்கூல்ல போடறது, எந்த கேம்ல போடறது. இத ரெண்டு தனித்தனி விஷயமா நெனச்சு ரெண்டு தனித்தனி சண்டையா போட்டதுல பாதி மே மாசம் போச்சு, அப்பறம்தான் ரெண்டும் ஒரே கணக்குன்னு புரிஞ்சிச்சு. சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் பாப்பா எங்க இருக்கா, யார் கூட இருக்கா, எந்த நெலமைல இருக்கா, இத மொதல்ல எழுதி வெச்சுட்டு ஸ்கூல் பாத்திருந்தா எனக்கு நாலு நாள் லீவு மிச்சமாயிருக்கும். இப்ப அதே எடத்துல நிக்கற அம்மா அப்பாங்களுக்காக நாங்க எத எதோட வெச்சு பாத்தோம்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

எங்க நெலம இதுதான். வூடு புதுவண்ணாரப்பேட்டை. அவருக்கு மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல வேல, வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். எனக்கு மண்ணடில ஒரு ஹார்டுவேர் மொத்தக்கடைல பில்லிங், பத்துல இருந்து ஆறரை, மெட்ரோ இருக்கறதால வூட்டுக்கு ஏழுக்குள்ள வந்துடுவேன். நடுவுல இருக்கறது எங்க அத்த, அவருடைய அம்மா. பாப்பாவ வளத்ததே அவங்கதான், ஆனா ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, மாடிப்படி ஏற சொன்னா முருகானு உக்காந்துடுவாங்க.

இன்னொன்னு, பாப்பா பொறந்தது 2020 ஜூலை. நம்ம ஸ்டேட்ல ஜூலை 31க்குள்ள அஞ்சு முடிஞ்சா ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட் சேக்கலாம், அதனால கரெக்டா லைன தொட்டுக்கிட்டு நிக்கறா. கேந்திரிய வித்யாலயா மாதிரி எடத்துல ஆறு முடிஞ்சிருக்கணும், அது லிஸ்ட்ல இருந்து அப்பவே போச்சு. பிரைவேட் ஸ்கூல்ல ஃப்ரீயா சேக்கற ஆர்டிஇ இருபத்தஞ்சு பர்சென்ட் சீட்டு எல்லாம் எல்கேஜிலயே பாத்திருக்கணும், நாங்க அப்ப தெருமுனை பிளே ஸ்கூல்ல போட்டுட்டு சும்மா இருந்துட்டோம், அது எங்க தப்பு. லைன தொட்டுக்கிட்டு நிக்கற புள்ளைன்னா இன்னா அர்த்தம், கிளாஸ்லயே சின்னவ, பென்சில் புடிக்கறதுல இருந்து பட்டன் போடறது வரைக்கும் பத்து பதினோரு மாசம் பெரிய புள்ளைங்களோட ஓடணும். இத மனசுல வெச்சுக்கோங்க, விளையாட்டு பேசும்போது திரும்ப வரும்.

ஸ்கூலு மூணு. ஒண்ணு பெரம்பூர் பக்கம் சிபிஎஸ்இ, அவருக்கு அதுதான் ஆச, கூட வேல செய்யறவங்க புள்ளைங்க எல்லாம் அங்க. ரெண்டாவது ராயபுரம் போற வழில பழைய எய்டட் ஸ்கூலு, இங்கிலீஷ் மீடியம் செக்ஷன். மூணாவது எங்க தெருவுல இருந்து நாலு நிமிஷம் நடந்தா வர்ற கார்ப்பரேஷன் ஸ்கூலு, அங்கயும் இங்கிலீஷ் மீடியம் இருக்கு.

காசு கணக்க முடிச்சுடறேன். சிபிஎஸ்இல வருஷத்துக்கு 52,000, புக்கு யூனிஃபார்ம் 11,000, வேன் மாசம் 1,800, பத்து மாசத்துக்கு 18,000, ஆக 81,000. எய்டட் ஸ்கூல்ல ஃபீஸே இல்லன்னு நெனச்சுதான் போனேன், ஆனா கவர்மெண்ட் எய்டு தமிழ் மீடியத்துக்குத்தான், இங்கிலீஷ் மீடியம் செக்ஷன் அவங்க சொந்தமா நடத்தறது, அதுக்கு 9,500, புக்கு 3,000. கார்ப்பரேஷன்ல ஃபீஸு, புக்கு, யூனிஃபார்ம் எல்லாம் ஃப்ரீ, நாங்க செலவு பண்ணது பேகும் பாட்டிலும் 1,150.

81,000 எங்களால கட்டவே முடியாதுன்னு இல்ல, ஒரு சீட்டு எடுத்து கட்டிடலாம், அவரு அதத்தான் சொன்னாரு. சரி காச விடு, வேன்ல போற நேரத்த பாக்கலாம்னு ஒரு செவ்வாக்கிழம காலைல ரெண்டு பேரும் பைக் எடுத்துக்கிட்டு அந்த வேன் பின்னாடியே போனோம், சிரிக்காதீங்க, நெஜமாதான். எங்க ஏரியால மொத ஸ்டாப் 7.05. அங்க இருந்து கொருக்குப்பேட்டை கேட்டு, போய் சேரும்போதே மூடியாச்சு, கூட்ஸ் வண்டி ஒண்ணு ஆடி அசைஞ்சு போகுது, கேட்டு தொறக்க பன்னெண்டு நிமிஷம், கேட்டுக்கு இந்தப் பக்கம் லாரி, அந்தப் பக்கம் லாரி, நடுவுல வேனு, வேன் ஜன்னல்ல ஒரு பையன் வாய தொறந்துக்கிட்டு தூங்கறான், அவன் தலைல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கம்பி இடிக்குது, முழிக்கக்கூட இல்ல. அதுக்கப்பறம் இன்னும் ஒம்பது ஸ்டாப்பு. ஸ்கூல் வாசல்ல எறங்கும்போது 8.20. வேன் டிரைவர் அண்ணா நல்ல மனுஷன், சாயங்காலம் எப்ப வரும்னு கேட்டதுக்கு நேராவே சொல்லிட்டாரு, "மொத ஏறி கடைசில எறங்கற புள்ளம்மா உங்க பாப்பா, 3.20க்கு வுட்டா உங்க வூட்டுக்கு 4.45, மழைனா என்ன கேக்காத."

மழைனா அந்தப் பக்கம் சப்வேங்கள்ல தண்ணி நிக்கறது நமக்கு தெரியாததா.

அங்க இன்னொரு விஷயம், வாரத்துக்கு ரெண்டு பிடி பீரியடு இருக்குன்னு பிரௌஷர்ல போட்டிருந்தாங்க, ஸ்கேட்டிங், டேக்வாண்டோ, கீபோர்டு எல்லாம் தனி காசு. எங்க தெருவுலயே அங்க படிக்கற ரெண்டாங்கிளாஸ் பொண்ணு இருக்கு, அத கூப்ட்டு கேட்டேன், பிடி பீரியடுல இன்னா பண்ணுவீங்கன்னு. "மேக்ஸ் மிஸ் வருவாங்க ஆன்ட்டி"ன்னுச்சு. நம்ம காலத்துலயும் அதே மேக்ஸ் மிஸ்தான். அஞ்சு வயசுக்கு மேல உள்ள புள்ளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷமாவது ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, வாரத்துக்கு ரெண்டு பீரியடு முழுசா நடந்தாலும் அது ஒரு நாள் கணக்குக்குத்தான் வரும். ஸ்கூல்ல பெரிய கிரவுண்டு இருக்கான்னு பாத்து மயங்காதீங்க, அந்த கிரவுண்டுல உங்க புள்ளைய எத்தன நிமிஷம் விடறாங்கன்னு கேளுங்க. ஹோம்வொர்க்கும் அப்படித்தான், 2018லயே சென்னை ஹைகோர்ட்டு 1, 2ம் கிளாஸுக்கு ஹோம்வொர்க் கூடாதுன்னு சொல்லிடுச்சு, ஆனா அந்த பொண்ணோட டைரிய வாங்கி பாத்தேன், ஒரு நாளைக்கு மூணு சப்ஜெக்ட் எழுதியிருக்கு. 4.45க்கு வந்து பால குடிச்சு ஹோம்வொர்க் முடிச்சா ஏழு, அப்பறம் எங்க கிரவுண்டு.

எய்டட் ஸ்கூலு எனக்கு புடிச்சிருந்துச்சு, உண்மைய சொல்லணும்னா. பெரிய மரம், பழைய கட்டடம், வாசல்ல நிக்கும்போதே ஒரு குளிர்ச்சி. நடந்தா பதினஞ்சு நிமிஷம். ஆனா அந்த பதினஞ்சு நிமிஷம் என் கால்ல, அத்த கால்ல அது அர மணி நேரம், நடுவுல டிஎச் ரோட வேற தாண்டணும். சாயங்காலம் நாலு மணிக்கு ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் லாரியும் மோதிக்கிட்டு போற ரோட்ல ஒரு கைல பாப்பா ஒரு கைல பேகுன்னு அத்த நிக்கறத நெனச்சு பாத்தேன், அதோட அந்த பேச்ச நானே நிறுத்திட்டேன்.

அப்ப மிச்சம் கார்ப்பரேஷன். இத வூட்ல சொன்னதும் மொத எதிர்ப்பு யாருகிட்ட இருந்துன்னு நெனைக்கறீங்க, அத்ததான். "நான் கார்ப்பரேஷன்ல படிச்சேன், என் புள்ள கார்ப்பரேஷன்ல படிச்சான், இதுவும் அங்கயேவா, அப்ப நீங்க ரெண்டு பேரும் சம்பாரிச்சு இன்னாத்துக்கு?" அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, அது கௌரவம் சம்பந்தப்பட்ட கேள்வி, கணக்கு போட்டு காட்டினா அடங்காது. நான் சொன்னது ஒண்ணுதான், அத்த, உங்க முட்டியால போய் கூட்டிக்கிட்டு வர முடியற ஸ்கூலு இது ஒண்ணுதான், மத்த ரெண்டுக்கும் ஆள் வெக்கணும், அந்த ஆள் யாரு? அவங்க ஒண்ணும் பேசல, ஆனா மறுநாள் சாயங்காலம் தானே அந்த ஸ்கூல் கேட்டு வரைக்கும் நடந்து போய் வந்துட்டு "ஒரு எடத்துலயும் உக்காரலடி"ன்னாங்க.

நானும் போய் பாத்தேன். ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட்ல 23 புள்ளைங்க. எண்ணும் எழுத்தும்னு ஒரு முறைல புள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு அதுங்க நெலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சு சொல்லித் தர்றாங்க, ஜூலைல பொறந்த எங்க பாப்பாவுக்கு இது நல்லதுன்னு பட்டுச்சு. டீச்சரம்மா பொறுமையா பேசினாங்க. பாத்ரூம காட்டுங்கன்னு கேட்டேன், எந்த ஸ்கூலுக்கு போனாலும் இத கேளுங்க, கூச்சப்படாதீங்க. தண்ணி வருது, சுத்தம் பரவால்ல, ஆனா கதவுல தாழ்ப்பாள் இல்ல, ஒரு நைலான் கயிறு கட்டி ஆணில மாட்டி வெச்சிருக்காங்க, அந்த ஆணி என் தோள் உயரத்துக்கு இருக்கு, அஞ்சு வயசு புள்ளைக்கு எட்டாது. வெளிய ஒரு புள்ள காவலுக்கு நிக்கணும். அத பாத்துட்டு வந்து ரெண்டு நாள் மனசு சரியில்ல. அப்பறம் பள்ளி மேலாண்மைக் குழுல இருக்கற எதிர்வூட்டு அக்காகிட்ட சொன்னேன், அந்தக் குழுல பெற்றோர்தான் அதிகம், அவங்க கூட்டத்துல எழுதி குடுத்தாங்க, ஜூலைல தாழ்ப்பாள் வந்துச்சு, கீழயே வெச்சிருக்காங்க. விளையாட்டு டீச்சர் மட்டும் இல்ல. அது கவர்மெண்ட் பிரைமரி ஸ்கூல்ங்கள்ல உள்ள குறைதான், பெரிய கிளாஸுக்குத்தான் விளையாட்டு டீச்சர் போஸ்டிங்.

காலை சாப்பாட்ட பத்தி ஒரு வார்த்த. முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா கவர்மெண்ட் பிரைமரி ஸ்கூலுக்கும் வந்துச்சு. இத இல்லாதவங்களுக்கு போடறதுன்னு நெனச்சு ஒதுக்கறவங்க இருக்காங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். இப்ப தினமும் காலைல ஏழரைல இருந்து எட்டேகால் வரைக்கும் ஒரு இட்லிய வெச்சுக்கிட்டு வூடு பூரா பாப்பா பின்னாடி ஓடற வேல எனக்கு இல்ல. அங்க உப்புமாவ பக்கத்துல உக்காந்த புள்ள திங்கறத பாத்து இவளும் திங்கறா, வூட்ல செஞ்சா உப்புமாவ பாத்தே மூஞ்ச திருப்பறவ. நாங்க சேத்ததுக்கு அப்பறம் 2025 ஆகஸ்ட் 26ல இருந்து சிட்டில இருக்கற எய்டட் ஸ்கூலுக்கும் இந்தத் திட்டம் வந்துடுச்சு, அதனால நீங்க இப்ப பாக்கறதா இருந்தா இந்த பாயிண்டுல எய்டடயும் சேத்து விசாரிங்க, உங்க புள்ள சேரப்போற செக்ஷனுக்கு உண்டான்னு கேட்டுக்குங்க. அப்பறம் நிறைய பேர் "கார்ப்பரேஷன்ல போட்டா மெடிக்கல் சீட்டுக்கு ஏழரை பர்சென்ட் இட ஒதுக்கீடு கெடைக்கும்"னு சொன்னாங்க, அது ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சாதான், ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட எங்க படிச்சாலும் அதுக்கு சம்பந்தமில்ல. அஞ்சு வயசு புள்ளைக்கு இப்பவே டாக்டர் கணக்கு போடாதீங்க.

சரி, விளையாட்டு. இதுக்குத்தான் எனக்கு கை பரபரங்குது.

நம்ம பக்கத்துல புள்ள பொறந்தாலே மூணு விஷயம் பேசுவாங்க, ஃபுட்பால், கேரம், பாக்ஸிங். கிரிக்கெட்டும் இருக்கு, ஆனா அது யாரும் சேத்துவிட்டு ஆடறது இல்ல, சந்துல தானா நடக்கும். ஸ்கேட்டிங்க பத்தி அவரு தங்கச்சி சொன்னாங்க, எங்க தெரு ரோட்ட பாத்தவங்க யாரும் அத திரும்ப சொல்ல மாட்டாங்க.

பாக்ஸிங் எங்க குடும்பத்து விளையாட்டு. அவரோட சித்தப்பா வாலிபத்துல ரிங்குல ஏறினவரு, சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரைன்னு அந்தக் காலத்து பாக்ஸிங் கோஷ்டிங்க கதைய ஆரம்பிச்சா நமக்கு சாப்பாடு ஆறிடும். அவரே சேத்து விடுவாருன்னுதான் நெனச்சு போய் கேட்டேன். பாப்பாவ பக்கத்துல கூப்ட்டு வாய தொறக்க சொல்லி பாத்தாரு, முன்பல்லு ஒண்ணு ஆடுது. "மொதல்ல இது வுழுந்து மொளைக்கட்டும்மா, அப்பறமா வா. இப்ப வேணும்னா கயிறு தாண்ட சொல்லு." தலைல அடி வாங்கற விளையாட்டு சின்ன புள்ளைங்களுக்கு வேணாம்னு அமெரிக்க குழந்தை டாக்டர்ங்க சங்கமும் கனடா சங்கமும் 2011லயே சேந்து சொல்லியிருக்காங்க, சித்தப்பா அத படிச்சிருக்க மாட்டாரு, ஆனா ரெண்டும் ஒரே பேச்சு. ஸ்கிப்பிங் கயிறு 60 ரூபாய், வாங்கி குடுத்தாச்சு, பாக்ஸிங் அவ்ளோதான்.

கேரம்தான் அந்த நேரத்துல எல்லார் வாய்லயும். 2024 நவம்பர்ல அமெரிக்கால நடந்த உலகக் கோப்பைல காசிமா மூணு தங்கம் வாங்கிக்கிட்டு வந்துச்சு, எங்க ஏரியா பொண்ணு, ஆட்டோ ஓட்டறவரோட மக, கவர்மெண்ட் ஒரு கோடி குடுத்துச்சு. அதுக்கு முன்னாடியே வியாசர்பாடி இளவழகி 2008ல ஃபிரான்ஸ்ல போய் உலக சாம்பியன் ஆனாங்க, மரிய இருதயம் 1996ல கேரமுக்கு அர்ஜுனா விருது வாங்கினாரு. இப்படி ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு கேரம் யோசிக்காம இருக்க முடியுமா. நன்மை இன்னான்னா உள்ளுக்குள்ள உக்காந்து ஆடறது, மழை வெயில் கெடையாது, பாப்பாவுக்கு போகி சமயத்துலயும் குப்பமேட்டு புகை வர்ற நாள்லயும் லேசா வீசிங் வரும், அதுக்கும் கேரம் பாதுகாப்பு. நடந்தது இன்னா? போர்டு 74 சென்டிமீட்டர், பாப்பா சேர்ல ரெண்டு தலகாணி போட்டு உக்காந்தா. கை எதிர் பாக்கெட்டு பக்கம்கூட எட்டல. மொத அஞ்சு நிமிஷம் ஸ்ட்ரைக்கர தட்டினா, அப்பறம் காயின வரிசையா அடுக்கி இட்லி கடை வெச்சா, பதினோராவது நிமிஷம் மூஞ்சில போரிக் பவுடர் பூசிக்கிட்டு பேய் மாதிரி நின்னா. சொல்லித்தர்ற அண்ணா சிரிச்சுக்கிட்டே "ஏழு எட்டு வயசுல கூட்டிக்கிட்டு வாங்க, இப்ப வூட்லயே ஆடட்டும்"ன்னாரு. காலைல இருந்து கிளாஸ்ல உக்காந்த புள்ளைய சாயங்காலம் திரும்ப உக்கார வெக்கறதும் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

ஃபுட்பால்னா எல்லாரும் கைய காட்றது வியாசர்பாடி பக்கம், குட்டி பிரேசில்னு பேரு வாங்கின எடம், பொண்ணுங்களும் நிறைய ஆடறாங்க. அவருக்கு ஃபுட்பால்னா உசுரு, 2023ல டூரண்ட் கப்ல மோகன் பகான் மேல ஈஸ்ட் பெங்கால் போட்ட அந்த ஒரே கோலு, போட்டது நம்ம சென்னை பையன் நந்தகுமார் சேகர், அத இன்னும் ஃபோன்ல வெச்சிருக்காரு. அதனால சேத்தா வியாசர்பாடிலதான்னு நின்னாரு. நான் திரும்ப கேட்ட கேள்வி அதே கேள்விதான், சாயங்காலம் அஞ்சு மணிக்கு யாரு கூட்டிக்கிட்டு போறது? திரும்ப அதே ரயில்வே கேட்டு, திரும்ப அதே பன்னெண்டு நிமிஷம். எங்க வூட்ல இருந்து பத்து நிமிஷ நடைல ஒரு மண் கிரவுண்டு இருக்கு, ரெண்டு அண்ணாங்க கோனு வெச்சு சின்ன புள்ளைங்களுக்கு சொல்லித் தர்றாங்க, மாசம் 300 ரூபாய், இல்லன்னா சும்மா. பெரிய பேரு இல்ல, போர்டு கூட இல்ல. டர்ஃபும் இல்ல, அதான் செயற்கை புல்லு போட்ட கிரவுண்டு. ஆனா டர்ஃப நம்பி இருக்கறதுலயும் ஒரு பயம் வந்துடுச்சு, 2024 டிசம்பர் கடைசில கார்ப்பரேஷன் 9 எடத்துல ஃபுட்பால் கிரவுண்ட பிரைவேட்டுக்கு விட்டு தலைக்கு மணிக்கு 120 ரூபாய்னு தீர்மானம் போட்டு, எதிர்ப்பு வந்து மறுநாளே வாபஸ் வாங்கினாங்களே, ஞாபகம் இருக்கும்.

அங்க போன மொத நாள் நான் பாத்தது பந்துதான். பெரியவங்க ஆடற அஞ்சாம் நம்பர் பந்த குடுத்தா இந்த வயசு புள்ளைக்கு கால் சுளுக்கும், எட்டு வயசு வரைக்கும் மூணாம் நம்பர் பந்துதான் ஆடணும். அங்க சின்ன புள்ளைங்களுக்கு மூணாம் நம்பர் தனியா நாலு வெச்சிருந்தாங்க, அதுல ஒண்ணு தையல் பிரிஞ்சு பன்னு மாதிரி இருந்துச்சு, இருந்தாலும் அவங்களுக்கு வேல தெரியும்னு புரிஞ்சிடுச்சு. அப்பறம் பேட்ச் பிரிச்சாங்க. ஸ்கூல்ல ஜூலை 31 கணக்குன்னா ஃபுட்பால்ல ஜனவரி 1 கணக்கு, பொறந்த வருஷத்த பாத்துத்தான் பிரிப்பாங்க. ஸ்கூல்ல எல்லாருக்கும் சின்னவளா நிக்கற எங்க பாப்பா, இங்க 2020 பேட்ச்ல நடுவுல நிக்கறா, இவள விட சின்ன புள்ளைங்க அஞ்சாறு பேரு. மொத மொறையா ஒரு எடத்துல இவ ஒரு புள்ளைக்கு ஷூ லேஸ் கட்டி விட்டத பாத்தேன், தப்பாதான் கட்டினா, ஆனா கட்டினா.

மண் கிரவுண்டுக்கு ஸ்டட்ஸ், அதான் அடில குமிழ் வெச்ச ஷூ, தேவையில்ல, வாங்கி ஏமாறாதீங்க, ஒரு கேன்வாஸ் ஷூ, முழங்காலுக்கு கீழ அடி படாம கட்டற ஒரு ஷின் கார்டு போதும், பெரியமேட்ல போய் ரெண்டும் சேத்து 550க்கு வாங்கினோம். புதன் சாயங்காலம், சனி ஞாயிறு காலைல ஆறரை. புதன்கிழம ஸ்கூல்ல இருந்து வந்து ஒரு வாழப்பழம் சாப்ட்டு அத்த கூட போறா, அத்தைக்கு அங்க திண்ணை மாதிரி ஒரு கல்லு இருக்கு, அதுல இன்னும் மூணு பாட்டிங்க. அவருக்கு நைட் ஷிஃப்ட் இல்லன்னா சனிக்கிழம அவரு, ஞாயித்துக்கிழம நானு. வீசிங் இருக்கறதால புகை தெரியற நாள் அனுப்பறதில்ல, அத எல்லாம் மிஸ்ஸாகற நாளுன்னு நான் கணக்கு வெக்கறதே இல்ல.

குறை இல்லாம இல்ல. இங்கிலீஷ் பேசறதுல பிளே ஸ்கூல் ஃப்ரெண்டுங்கள விட இவ கொஞ்சம் பின்னாடிதான், அத சொல்லி அவரு இன்னும் அப்பப்ப பெருமூச்சு விடறாரு. மூணாங்கிளாஸ் வரும்போது திரும்ப உக்காந்து பேசறதுன்னு ஒத்துக்கிட்டோம், வருஷத்துக்கு ஆகற அந்த 81,000ல பாதிய மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா தனியா போட்டு வெக்கறோம், அப்ப மாத்தணும்னா மாத்த. உங்க வூட்ல பாட்டி தாத்தா இல்ல, ரெண்டு பேரும் வேலைக்கு போறீங்கன்னா உங்க கணக்கு வேற, அப்ப சாயங்காலம் ஆறு வரைக்கும் வெச்சு பாத்துக்கற ஸ்கூலு தூரமா இருந்தாலும் அதுதான் சரியா வரும், என்ன பாத்து கார்ப்பரேஷன்ல போட்டுட்டு நாலு மணிக்கு முழிக்காதீங்க.

இப்ப அக்டோபர் மழைல கிரவுண்டு கொளமாயிடுச்சு, ரெண்டு வாரமா ஃபுட்பால் இல்ல. பரண்ல இருந்து கேரம் போர்ட எறக்கியாச்சு, தரைல போட்டு எதிர்ல அத்த முட்டிய நீட்டிக்கிட்டு உக்காந்து ஆடறாங்க. நேத்து செவப்பு காயின காணோம்னு தேடி, கடைசில அது அத்தையோட முந்தானைல முடிஞ்சு இருந்தத பாப்பா கண்டுபுடிச்சுட்டா, ராத்திரி நான் வந்ததும் மொத பஞ்சாயத்து அதுதான்.